விரல் ரேகையை வீட்டிலேயே எடுக்க: யார் விரலுக்கு எந்த முறை?

அம்மாவின் ரேகையை ஒரு டாலரில் பொறித்துப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். வேலூர் லாங் பஜாரில் உங்களுக்குப் பழக்கமான பத்தரும் "ரேகையைத் தெளிவா எடுத்துக்கிட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். இனி எதை வைத்து எடுப்பது என்பதுதான் கேள்வி. ஸ்டாம்ப் பேட் போதும் என்பார் ஒருவர். பென்சிலும் டேப்பும் என்பார் இன்னொருவர். செல்போனில் படம் எடுத்து அனுப்பினால் ஆகாதா என்று வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். ஆன்லைனில் மையில்லாத கிட், அச்சு எடுக்கும் மாவு எல்லாம் விற்கிறது.

பொறிப்பு வேலைக்கு வரும் ரேகைகளைக் கணினியில் சரிசெய்து கொடுப்பது என் தொழில். வருகிற தாள்களையும் படங்களையும் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்ட விஷயம், முறையைத் தீர்மானிக்க வேண்டியது விரல்தான் என்பது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கும் மகனுக்கு அழகாக வருகிற முறை, குடியாத்தத்தில் காலமெல்லாம் பீடி சுற்றிய அத்தைக்கு வராது. அத்தைக்கு வருவது கைக்குழந்தைக்கு வராது. ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு மூன்று முறை தேவைப்படலாம்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் பத்தரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: லேசரில் பொறிக்கப் போகிறாரா, வார்க்கப் போகிறாரா? லேசர் என்றால் தட்டையான ஒரு படம் போதும், கறுப்பு வெள்ளையில் கோடுகள் துல்லியமாக இருக்க வேண்டும். வார்ப்பு என்றால் மெழுகில் உரு செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அதற்கு மேடு பள்ளத்தோடு விரலின் அச்சே வேண்டும். நான் பார்த்த வரையில் பெரும்பாலான ரேகை நகைகள் லேசரில்தான் செய்யப்படுகின்றன. அதனால் தாளில் எடுக்கும் முறைகளைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

இன்னொரு கணக்கும் மனதில் இருக்கட்டும். பெரியவர்கள் விரலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். விரல் நுனியின் அகலம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரும். அதை ஒரு சென்டிமீட்டர் டாலருக்குள் அடக்கினால் வரிகளின் இடைவெளி கால் மில்லிமீட்டர் ஆகிவிடும். தாளில் லேசாக மை அப்பிய இடம், நகையில் வெறும் கறுப்புத் திட்டாகத் தெரியும். கண்ணுக்குப் பரவாயில்லை என்று தோன்றும் ரேகை நகைக்குப் போதாது என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

முதலில் ஸ்டாம்ப் பேட். நல்ல தோல் உள்ள பெரியவர்கள், பள்ளி கல்லூரிப் பிள்ளைகள் எல்லோருக்கும் என் முதல் பரிந்துரை இதுதான். நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், சில நிமிடங்களில் ஒரு தாள் நிறைய எடுத்து அதில் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஊதாவைவிடக் கறுப்பு மை நல்லது. கறுப்பு கிடைக்காவிட்டால் ஊதாவும் ஸ்கேனில் வந்துவிடும், கவலை வேண்டாம். கெடுவது நிறத்தால் இல்லை, அளவால்தான். புது பேட் என்றால் மை தளும்பும். அதில் விரலை அழுத்தி எடுத்து அப்படியே தாளில் வைத்தால் பள்ளங்களெல்லாம் மையால் நிரம்பி, நடுவில் ஒரு கறுப்பு வட்டம்தான் மிஞ்சும். பத்திரப் பதிவிலும் வங்கியிலும் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் அழுத்தித்தான் வைப்பார்கள். அங்கே அது செல்லும், நகைக்குச் செல்லாது.

பேடின் மேல் விரலைத் தொட்டு எடுத்தால் போதும், அமுக்க வேண்டாம். தொட்ட விரலைத் தாளில் வைத்த பிறகு, மறுபடி மை தொடாமல் பக்கத்திலேயே இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் மற்றொன்று என்று வைத்துக்கொண்டே போங்கள். முதலாவது கறுத்து இருக்கும். இரண்டாவதோ மூன்றாவதோதான் பெரும்பாலும் வரிகள் பிரிந்து பிரிந்து வரும். அதற்கப்புறம் மங்கத் தொடங்கும். மங்கியதும் திரும்ப மை தொட்டு அடுத்த வரிசை. இப்படி ஒரு ஏ4 தாள் முழுக்க எடுத்தால் அதில் நகைக்கு ஏற்ற ஒன்று கட்டாயம் கிடைக்கும்.

தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோடு போட்ட நோட்டுத் தாளில் மை ஊறிப் பரவும். பளபளப்பான தாளில் மை காயாமல் இழுபடும். சொரசொரப்பில்லாத, பளபளப்பும் இல்லாத கொஞ்சம் கெட்டியான வெள்ளைத் தாள்தான் சரி. தாளுக்கு அடியில் மேஜைப் பலகை மாதிரி கெட்டியான தளம் இருக்கட்டும். பாய் மேலோ மடி மேலோ வைத்து எடுத்தால் விரல் அமுங்கும் இடமும் அமுங்காத இடமும் வேறு வேறாக விழும்.

ரேகை கொடுப்பவர் கையைத் தளர்வாக விட்டுவிட வேண்டும். இன்னொருவர் அந்த விரலைப் பிடித்து வைக்க வேண்டும். தானே வைப்பவர்கள் கடைசி நொடியில் தன்னை அறியாமல் அழுத்திவிடுகிறார்கள். போலீஸில் ரேகை எடுப்பவர்கள் நகத்தின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரலை உருட்டுவார்கள், பெருவிரலை உடம்பை நோக்கியும் மற்ற விரல்களை வெளிப்பக்கமாகவும். கை முறுக்கிலிருந்து இயல்பு நிலைக்குத் திரும்பும் திசை அது, அதனால் நடுக்கம் இருக்காது. நகைக்கு அப்படி ஓரத்துக்கு ஓரம் உருட்ட வேண்டாம் என்பது என் கருத்து. உருட்டிய ரேகை சதுரமாக அகன்று விழும், விரலின் முட்டை வடிவம் போய்விடும். நேராக வைத்து, இரண்டு பக்கமும் இம்மியளவு சாய்த்து, நேராகத் தூக்கிவிடுங்கள். தூக்கும்போது இழுக்கக் கூடாது.

நம் ஊர் வெயிலையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மத்தியான நேரம் உட்கார்ந்து ரேகை எடுத்தால் ஒவ்வொரு வரியிலும் வியர்வை பூத்து மை கரைந்து நிற்கும். விடிகாலையில், விசிறிக்குக் கீழே எடுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, கொஞ்சம் காயவிட்ட கைதான் தேவை. துணி துவைத்த கையோடு, தலைக்குக் குளித்த கையோடு உட்கார வேண்டாம். சுருங்கிய தோல் சமமாகும் வரை பொறுங்கள். எப்போதும் ஈரமாகவே இருக்கும் உள்ளங்கைக்காரர்கள் கழுவிய பிறகு சானிடைசர் தடவி, அது ஆவியானதும் எடுக்கலாம். மருதாணி இட்ட விரல் மைக்குத் தடை இல்லை.

அடுத்தது பென்சிலும் டேப்பும். பள்ளிக்கூடத்து அறிவியல் சோதனை மாதிரி தோன்றுவதால் இதைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு. தேய்ந்த கைகளுக்கு வீட்டில் செய்யக்கூடிய வழிகளில் இதற்கு நிகராக ஒன்றும் இல்லை.

தேய்ந்த கைகள் நம் பக்கத்தில் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு வீடுகளில் பீடி சுற்றுகிறவர்கள், தறி நெய்கிறவர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை நனைத்தவர்கள். செங்கல் சூளையில், கட்டட வேலையில் சிமெண்ட் குழைத்தவர்கள். ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்து வைத்துப் பதியாமல் திரும்பும் பாட்டிகள் எல்லாத் தெருவிலும் உண்டு. மெஷினில் பதியாத விரலில் ரேகையே கிடையாது என்று அவர்களும் நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. மேடு தாழ்ந்திருக்கிறது, வரிகளின் அமைப்பு தோலின் உள்ளடுக்கில் அப்படியேதான் இருக்கிறது. வேலையை நிறுத்தினால் சில வாரங்களில் மேல்தோல் வளர்ந்து அதே வரிகள் திரும்பத் தெரியும். உள்ளடுக்கு வரை இறங்கிய காயம் மட்டும்தான் நிரந்தர வடுவாக நிற்கும்.

மேடு தாழ்ந்த விரலுக்கு மை ஏன் ஒத்துவராது? மை ஓடும், ஆழமில்லாத பள்ளத்தைச் சுலபமாக நிரப்பிவிடும். தாளில் பதிய அழுத்தவும் வேண்டும், அழுத்தினால் இருக்கிற கொஞ்ச மேடும் சப்பையாகிவிடும். பென்சில் பொடி உலர்ந்தது. வரியின் உச்சியில் மெல்லப் படியும், ஓடாது. டேப் விரலின் வளைவைச் சுற்றிப் படிந்து அந்தப் பொடியை எடுத்துக்கொள்ளும், அழுத்தமே தேவைப்படாது.

4பி அல்லது 6பி மாதிரி மென்மையான பென்சில் வாங்குங்கள். சாதாரண எச்பி இருந்தாலும் சமாளிக்கலாம், கொஞ்சம் அதிகம் கிறுக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் தீப்பெட்டி அளவுக்கு அடர்த்தியாகக் கிறுக்கி, அதில் விரல் நுனியை எல்லாப் பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். விரல் சாம்பல் நிறத்தில் சீராக மின்ன வேண்டும். திட்டுத்திட்டாக அப்பியிருந்தால் ஊதிவிடுங்கள். விரலைவிட அகலமான ஒளி ஊடுருவும் செல்லோ டேப்பை ஒரு பக்க ஓரத்தில் ஒட்டி, காற்றுக் குமிழி விழாமல் மறு பக்கம் வரை மெல்லத் தடவிக்கொண்டே வாருங்கள். ஒரே இழுப்பில் உரித்து, வெள்ளைத் தாளில் அதே மாதிரி ஒரு ஓரத்திலிருந்து படிய விடுங்கள். பழுப்பு நிற பேக்கிங் டேப் இதற்கு உதவாது.

இப்படி எடுத்ததில் மையைவிட மெல்லிய விவரங்கள்கூடத் தெரியும். வியர்வைத் துளைகள் சில இடத்தில் புள்ளிபுள்ளியாக வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். குறை என்னவென்றால் நிறம் சாம்பல்தான், மையின் கறுப்பு வராது. கணினியில் அதைக் கூட்டிக்கொள்ளலாம். மை அப்பி மூடிய பள்ளத்தை எந்தக் கணினியாலும் திறக்க முடியாது, அங்கே கற்பனையாக வரி வரைய வேண்டியிருக்கும். அம்மாவின் விரலில் இல்லாத வரியை அம்மாவின் டாலரில் வரைவதற்கு எனக்கு மனம் ஒப்பாது.

தேய்ந்த கைக்காரர்களிடம் பெருவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அதிகம் உழைத்திருக்கும். இடது கை மோதிர விரல், சுண்டு விரல் இவற்றையும் எடுத்துப் பாருங்கள், ஆச்சரியப்படும்படி தெளிவாக இருக்கும். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது என்று வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோதிடத்தில் பார்ப்பது போல இதற்கும் பார்க்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. பொறிப்புக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எந்த விரல் நன்றாக வருகிறதோ அதுவே நல்ல விரல்.

பென்சிலுக்குப் பதில் கண்மை, லிப்ஸ்டிக் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எண்ணெய்ப் பசை, இரண்டும் பள்ளத்தை அடைக்கும். வேண்டாம்.

ஸ்டாம்ப் பேட், பென்சிலும் டேப்பும் என்ற இரண்டு முறைகளுக்கும் நடுவே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. மையில் வைத்த ரேகை, விரலை நேரே பார்க்கும்போது தெரிவதற்குக் கண்ணாடி பிம்பமாக விழும். டேப்பில் எடுத்துத் தாளில் ஒட்டியதும், போனில் எடுத்த படமும் விரலில் தெரிகிற அதே திசையில் இருக்கும். ஒரே விரலின் வரிகள் ஒன்றில் இடப்பக்கம் சாயும், மற்றதில் வலப்பக்கம் சாயும். அப்பாவுடையது மையிலும் அம்மாவுடையது டேப்பிலும் வந்து, இரண்டையும் சேர்த்து ஒரு இதய வடிவ டாலரில் பொறிக்கப் போகிறார்கள் என்றால், ஒன்றைக் கட்டாயம் திருப்ப வேண்டும். கணினியில் அது ஒரு நொடி வேலை. எது எந்த முறையில் எடுத்தது என்று சொன்னால்தானே திருப்ப முடியும்? தாளின் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள்: யாருடையது, எந்தக் கை, எந்த விரல், மையா டேப்பா. பத்திரங்களில் நம் கண்ணுக்குப் பழகிய திசை மையின் திசைதான், நான் அதையே வைக்கச் சொல்வேன்.

செல்போன் படத்தை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். தாளில் மை வரிக்கும் வெறும் தாளுக்கும் உள்ள வேறுபாடு தோலில் கிடையாது. மேடும் பள்ளமும் ஒரே நிறம். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழுந்தால்தான் பள்ளத்தில் நிழல் தங்கி வரி தெரியும். பிளாஷ் போட்டு எடுத்தால் விரல் வழவழவென்று வெளுத்துவிடும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, விரலை மேஜையில் அசையாமல் வைத்து, போனையும் எதன் மேலாவது சாய்த்து வைத்து, ரொம்ப நெருங்காமல் கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். அழகுபடுத்தும் வசதி எதுவும் போனில் இயங்காமல் இருக்கட்டும், அது தோலை வழித்துவிடும். பிறகு வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும், வரிகள் கரைந்துவிடும். டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்ப வேண்டும், அல்லது மெயிலில்.

இவ்வளவு சிரமம் இருந்தும் போன்தான் சரி என்று நான் சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் ரேகையை நகையாக வைத்துக்கொள்ள அவர் வீட்டார் விரும்புவது உண்டு. புற்றுநோய்க்குத் தரும் மருந்துகள் சிலவற்றால், கேபசிடபின் போன்றவற்றால், உள்ளங்கை சிவந்து தோல் உரியும், ரேகையே மங்கிப்போகும். அந்தக் கையில் டேப் ஒட்டி உரிக்கவே கூடாது. மையைத் தேய்த்துக் கழுவுவதும் வலிக்கும். விரலைத் தொடாமல் எடுப்பது படம் மட்டும்தான். சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே எடுத்துவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. தோல் காகிதம் போல மெலிந்துவிட்ட மிக வயதானவர்களிடமும் டேப்பைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். சுத்தமான கண்ணாடியில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்த பிறகு விரலில் ஒட்டலாம்.

தூரத்தில் இருப்பவர்களுக்குப் படம் வேண்டாம், தபால் போதும். கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் உண்டு. எல்லையில் இருக்கும் மகனின் ரேகையை மனைவியோ தாயோ கேட்கும்போது, அவர் ஒரு தாளில் ஸ்டாம்ப் பேடால் வரிசையாக வைத்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினால், அவசரமாக எடுத்த போட்டோவைவிட நூறு மடங்கு நன்றாக வரும். முகாம் அலுவலகத்தில் ஸ்டாம்ப் பேட் இல்லாமல் இருக்காது. துபாயில் இருப்பவர்களுக்கும் இதேதான், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

குழந்தைகள் விஷயம் தனி. கைக்குழந்தையின் விரலில் வரிகளின் இடைவெளி பெரியவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான். அதோடு விரலைப் பிரித்தால் உடனே மூடிக்கொள்ளும். ஸ்டாம்ப் பேட் மை வாய்க்குள் போகும், சட்டை முழுக்க ஆகும். இங்கேதான் மையில்லாத கிட்டுக்கு வேலை. ஒரு துடைப்பான் தாளால் விரலைத் துடைத்து, கூடவே வரும் பூச்சுத் தாளில் வைத்தால் தாளில் நிறம் தோன்றும், விரலில் ஒட்டாது. ஆனால் அந்த கிட்டில் பாதமும் உள்ளங்கையும் வருகிற அழகில் விரல் ரேகை வருவதில்லை, வரிகள் மங்கலாகவே இருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் விரல் ரேகையை விட்டுவிட்டு பாதச் சுவட்டைப் பொறியுங்கள் என்றே நான் சொல்வேன். சின்ன டாலரில் அது அடையாளம் தெரியும், விரல் வரி வெறும் நிழலாகத்தான் தெரியும். மூன்று நான்கு வயதுக்கு மேல் என்றால் பென்சிலும் டேப்பும் நன்றாக வரும், பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாக இருக்கும்.

அச்சு எடுப்பது வார்ப்பு நகைக்கு மட்டும். இரண்டு பகுதியாக வரும் சிலிகான் புட்டிதான் இதில் நம்பகமானது. இரண்டையும் சமமாகப் பிசைந்து உருண்டையாக்கி, விரலை ஒரே முறை நேராக அழுத்தி, அது இறுகும் வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். தோலில் படலாம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். குழந்தைகளின் கை அச்சுக்கு விற்கும் ஆல்ஜினேட் மாவு தண்ணீரில் கரைப்பது, காயக் காயச் சுருங்கும், உடனே அதில் வார்த்தாக வேண்டும். பத்தரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வரை தாங்காது. பிள்ளைகளின் மாடலிங் களிமண் வேலூர் வெயிலில் கூரியர் வண்டியிலேயே இளகி வடிவம் மாறிவிடும். மைதா மாவு காய்ந்து வெடிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குள் விரலை வைக்கவே வைக்காதீர்கள், அது இறுகும்போது சூடாகும், தோல் வெந்துபோகும்.

இ-சேவை மையத்திலோ தெரிந்த கடையிலோ உள்ள பயோமெட்ரிக் மெஷினில் வைத்து எடுத்துத் தரச் சொல்லலாமா என்றும் கேட்கிறார்கள். ஆதாருக்காகப் பதிவு செய்யப்பட்ட கருவிகள் ரேகையைப் பூட்டி அனுப்பும்படி செய்யப்பட்டவை. படமாக எடுத்துக் கொடுக்க அவர்களால் முடியாது, கேட்கவும் கூடாது.

ஆள் இல்லாமல் போய்விட்டவரின் ரேகை வேண்டும் என்று வருபவர்களுக்கு நான் முதலில் கேட்பது, வீட்டில் பழைய பத்திரம் இருக்கிறதா என்றுதான். கையெழுத்துப் போடத் தெரியாத தாத்தா பாட்டி நிலம் விற்றதிலோ வாங்கியதிலோ இடது பெருவிரலை வைத்திருப்பார்கள். அசல் பத்திரமாக இருக்க வேண்டும், ஜெராக்ஸில் எதுவும் மிஞ்சாது. முழு ரேகையும் தெளிவாக இருக்காது, பெரும்பாலும் அப்பியிருக்கும். அதில் ஒரு ஓரம் வரிகள் பிரிந்து நின்றால்கூட அந்தத் துண்டை மட்டும் பெரிதாக்கிப் பொறிக்கலாம். இல்லாததை வரைந்து நிரப்புவதைவிட அந்தத் துண்டு எவ்வளவோ மேல்.

எடுத்த தாள்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? நடுப்பகுதியைப் பாருங்கள். நம் வீடுகளில் சங்கு, சக்கரம் என்று சொல்வோமே, அந்தச் சங்கின் வளைவோ சக்கரத்தின் சுழியோ முழுதாக விழுந்திருக்க வேண்டும். ஓரம் கொஞ்சம் தேய்ந்திருந்தால் குறையில்லை. பத்தில் ஆறு ரேகைக்கு மேல் சங்கு வகைதான், மூன்று போலச் சக்கரம். இரண்டும் இல்லாமல் வில் மாதிரி வளைந்து போகும் வகை நூற்றில் ஐந்து அளவுக்கு உண்டு. சின்ன டாலரில் வில் வகை வெறும் அலைக்கோடாகத் தெரியும். அதே ஆளின் வேறு விரலில் சங்கோ சக்கரமோ இருக்கலாம், பத்து விரலும் ஒன்று போல இருக்க வேண்டியதில்லை. மோதிரம் என்றால் நாலைந்து மில்லிமீட்டர் பட்டைதான் கிடைக்கும், சுழி அந்தப் பட்டைக்குள் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் பாத்திரம் தேய்க்கும் கையில் போடும் மோதிரத்தின் வெளிப்பக்கம் லேசர் வரி சீக்கிரம் மழுங்கும், உள்பக்கம் பொறித்தால் வெகுநாள் நிற்கும். எனக்கு டாலர்தான் பிடித்தம்.

ஸ்கேன் செய்ய ஜெராக்ஸ் கடைக்குப் போனால் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 200, 300-ல் பிடிஎப் ஆக்கிக் கொடுத்துவிடுவார்கள். 600-ல் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே பதினோரு, பன்னிரண்டு புள்ளிகள் கிடைக்கும், அது போதும். குழந்தைகளின் ரேகைக்கு 1200 கேளுங்கள். கலரில் எடுத்து, பிஎன்ஜி கோப்பாக வாங்குங்கள். போனில் உள்ள ஸ்கேனர் செயலிகள் எழுத்துக்காகச் செய்யப்பட்டவை. மெல்லிய வரியை அழுக்கு என்று நினைத்து அழித்துவிடும். அசல் தாளையே பத்தரிடமோ என் மாதிரி ஆளிடமோ கொடுக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ரேகையோடு ஆதார் நகலை யாரிடமும் கொடுக்காதீர்கள். பதிவுப் பத்திரங்களில் இருந்த ரேகையை எடுத்து, செயற்கை விரலாக வார்த்து, ஆதார் வழியாக வங்கிப் பணத்தை எடுத்த வழக்குகள் வெளிமாநிலங்களில் பிடிபட்டிருக்கின்றன. கழுத்தில் தொங்கும் சின்ன டாலரால் வரும் ஆபத்து குறைவு. தெளிவான முழு அளவுப் படம் யார் யார் போனிலோ கிடப்பதுதான் கவலை. அதனால் வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள், முகநூலில் போடாதீர்கள். ஆதாரின் அதிகாரப்பூர்வ செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. பூட்டினால் திறக்கும் வரை ரேஷன் கடையிலும் ரேகை ஏற்காது, வீட்டில் பொருள் வாங்கப் போகிறவருக்கு இதைச் சொல்லி வையுங்கள்.

பொறிப்பதற்கு முன்னால் பத்தரிடம் டாலரின் நிஜ அளவிலேயே ரேகையைத் தாளில் அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் பெரிதாகக் காட்டுவதை நம்ப வேண்டாம். அந்தச் சின்னத் தாளைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது வரிகள் தனித்தனியாகத் தெரிந்தால் வேலையைத் தொடங்கச் சொல்லலாம். தெரியாவிட்டால் டாலரை ஒரு சுற்றுப் பெரிதாக்குங்கள், அல்லது சுழியை மட்டும் வெட்டி எடுத்து நிரப்பச் சொல்லுங்கள். தங்கம் 2 கிராமுக்கு மேல் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு கொண்ட ஹால்மார்க் முத்திரையும் அதில் இருக்க வேண்டும். பின்பக்கத்திலும் ரேகை, பெயர், தேதி என்று நிரப்பிவிடாமல் அதற்குக் கொஞ்சம் இடம் விடச் சொல்லுங்கள்.